ரிச்சி தெருவில் ஒரு ‘தொம்’

காய்கறி வேண்டுமானால் கோயம்பேடு. பட்டுப் புடவை வேண்டுமானால் தியாகராய நகர். பழைய புத்தகம் வேண்டுமானால் திருவல்லிக்கேணி பாரதி சாலை. சென்னைப் பட்டணத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தெரு உண்டு என்பது நேயர்கள் அறிந்ததுதான். ஆனால் சத்தம் வேண்டுமானால் எங்கே போவது?

“சத்தத்துக்குக் கடைத்தெரு வேறா? எங்கள் வீட்டு வாசலில் நின்றால் இலவசமாகவே கிடைக்கிறதே!” என்று நீங்கள் சொல்லக்கூடும். வாஸ்தவம். நான் சொல்வது அந்தச் சத்தம் அல்ல. தட்டிப் பார்த்து, கேட்டுப் பார்த்து, பேரம் பேசி, அட்டைப் பெட்டியில் கட்டி வாங்கி வருகிற சத்தம். அதற்கு ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும்.

அண்ணா சாலையிலிருந்து நாலு எட்டு வைத்தால் வந்துவிடுகிறது. மெட்ரோ ரயிலில் வருகிறவர்கள் 2019-ல் திறந்த அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்து வரலாம். காரில் வருகிறவர்கள் அதை எங்கே நிறுத்துவது என்று யோசித்தபடியே வீடு திரும்ப வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

ரிச்சி தெரு என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, அது ஒரு தெரு அல்ல. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துத் தெருக்களையும் சேர்த்து ஒரே பெயரால் அழைக்கிறார்கள். இவற்றில் மீரான் சாகிப் தெருவுக்குத் தனிப் பெருமை உண்டு. தமிழ்ப் படங்களை வாங்கி விற்கும் விநியோகஸ்தர்களின் ஆபீஸ்கள் வரிசையாக இருந்த தெரு அது. இன்று அங்கே கண்ணில் படுவதெல்லாம் கம்ப்யூட்டர், காமிரா, கைப்பேசிக் கண்ணாடி, ஒயர், ஒயர், மறுபடியும் ஒயர்.

இந்த வட்டாரத்துக்குச் சிந்தாதிரிப்பேட்டை என்று பெயர். கூவம் ஆறு வளைந்து அணைத்துக்கொண்டு ஓடுகிற பேட்டை. 1734-ல், மார்ட்டன் பிட் என்பவர் கவர்னராக இருந்த காலத்தில், கம்பெனியார் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். சின்னத் தறிப் பேட்டைதான் மருவிச் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். நூல் போய் ஒயர் வந்திருக்கிறது. இழைக்கும் பேட்டைக்கும் உள்ள உறவு மட்டும் விடவில்லை!

நிற்க. நான் அங்கே போனது சரித்திரம் பார்க்க அல்ல. ஒரு பெரியவருக்குத் துணையாகப் போனேன். கூடவே நமது சித்திரக்காரரும் வந்தார்.

பெரியவர் மிருதங்க வித்வான். வயது 74. திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில், மகன் மருமகளோடு வாடகைக்கு இருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வித்வான் என்றே அழைப்போம். நாற்பது வருஷம் வாசித்த கை. ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்த பக்கவாதம் இடது கையை மடக்கிப் போட்டுவிட்டது. வலது கை இன்னும் பேசுகிறது. ஆனால் ஒரு கையால் மிருதங்கம் ஏது?

அவரிடம் ஓர் ஒலிநாடா இருக்கிறது. 1981-ல் கும்பகோணத்தில் ஒரு கல்யாணக் கச்சேரியில் அவர் வாசித்ததை மைத்துனர் ‘காஸெட்’டில் பிடித்து வைத்திருந்தார். அதைப் பேத்தி சுத்தம் செய்து விரல் நீளத்துப் பென்-டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். மகன் ஒரு ரிஸீவரும் இரண்டு சின்ன ஒலிபெருக்கிகளும் வாங்கி வைத்தார். பாட்டுக் கேட்டது. தம்பூரா கேட்டது. பெரியவர் முகம் மட்டும் மலரவில்லை.

“வலந்தலை மட்டும் கேக்குது. தொப்பியைக் காணோம். ஏன் தம்பி, நான் என்ன ஒரு கையாலேயா வாசிச்சேன்?” என்றார் என்னிடம்.

இந்த ஒரு கேள்விதான் எங்களை ரிச்சி தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனது.

மிருதங்கத்தின் வலது முகத்துக்கு வலந்தலை என்றும், இடது முகத்துக்குத் தொப்பி என்றும் பெயர். வலந்தலையில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறதே, அதன் மகிமையைப் பற்றி சர் ஸி. வி. ராமனே எழுதியிருக்கிறார். சாதாரணத் தோல்வாத்தியத்திலிருந்து எழும் ஒலிகள் ஒன்றோடொன்று சேராமல் இரைச்சலாகப் போகும். அந்தக் கறுப்பு வட்டம் அவற்றைத் தந்தி வாத்தியத்தைப் போலச் சுருதிக்குள் கொண்டுவருகிறது என்பதை 1920-லும், மறுபடி விரிவாக 1934-லும் அவர் விளக்கினார். தொப்பியின் சங்கதி வேறு. கச்சேரிக்கு முன்னால் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதன் நடுவில் அப்புகிறார்கள். தோல் கனத்துப்போய் மெதுவாக அதிர்கிறது. அப்போதுதான் அந்த ஆழமான ‘தொம்’ பிறக்கிறது.

மெதுவாக அதிர்வதுதான் இங்கே தொல்லை. விநாடிக்கு இத்தனை அதிர்வு என்று ஒலியை அளப்பார்கள். அந்தக் கணக்குக்கு ஹெர்ட்ஸ் என்று பெயர். மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். கீழே போகப் போக அதிகக் காற்றைத் தள்ள வேண்டும். உள்ளங்கை அகலமுள்ள ஒலிபெருக்கி எவ்வளவு காற்றைத் தள்ளும்? விசிறி மட்டையால் தேரை நகர்த்துகிற கதைதான். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வந்தால் அது கையை விரித்துவிடும். அந்தக் கீழ்வேலையை மட்டும் செய்வதற்கென்று அகலமான கூம்பும் தனி ஆம்ப்ளிபயரும் வைத்துச் செய்த பெட்டிதான் சப்-ஊஃபர்.

சினிமாக் கொட்டகையில் இதன் பிரதாபத்தை 1974-லேயே காட்டினார்கள். ‘எர்த்க்வேக்’ என்ற ஹாலிவுட் படத்துக்காக ‘ஸென்ஸரவுண்ட்’ என்று ஓர் ஏற்பாடு செய்து, ராட்சதப் பெட்டிகளைக் கொட்டகைக்குள் வைத்து நாற்காலிகளையே நடுங்க வைத்தார்கள். நம் வித்வானுக்கு பூகம்பம் தேவையில்லை. தொப்பி போதும்.

ஆனால் வீட்டில் ஒரு பூகம்பம் காத்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொப்பி கேட்கவில்லையே என்று பெரியவர் ரிஸீவரின் குமிழைத் திருகித் திருகி ஏற்றிக்கொண்டே போனார். வலந்தலைதான் வீறிட்டது. கீழ் வீட்டில் இருப்பவர் ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ். ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர். இரண்டு முறை மேலே வந்து சொன்னார். மூன்றாவது முறை வீட்டுக்காரரிடம் சொன்னார். “இன்னொரு தரம் புகார் வந்தால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வீட்டுக்காரர் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த நிலையில் வீட்டுக்குள் இன்னொரு பெட்டி, அதுவும் இடிப்பதற்கென்றே செய்த பெட்டி வருகிறது என்றால் மருமகளுக்கு எப்படி இருந்திருக்கும்? நாங்கள் புறப்படும்போது அந்த அம்மாள் காபி கொடுத்தார். பேசவில்லை.

தெருவுக்குள் நுழைந்ததும், “என்ன சார் தேடுறீங்க? காமிராவா? லேப்டாப்பா?” என்று இரண்டு பக்கமும் குரல் வந்தது. பெரியவரின் மடங்கின கையைப் பார்த்துவிட்டு ஒரு பையன், ஒன்றும் கேட்காமலே, கூட்டத்தை விலக்கி வழி செய்து கொடுத்தான். அவன் கடையில் நாங்கள் எதுவும் வாங்கவில்லை. தலைக்குமேலே ஒயர்கள் பந்தல் போட்டிருந்தன. கீழே, கால் வைக்க வேண்டிய இடத்தில், கைவண்டி.

முதல் கடையில் பெட்டியை விலை பேசி முடித்தோம். 10 அங்குலக் கூம்பு. பின்பக்கத்தைத் திருப்பி வைத்துப் படித்துப் பார்த்தேன். நீங்களும் இதை அவசியம் செய்யுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கானால் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருக்கும். நம் ஊர் 230 வோல்ட்டில் செருகினால் ‘தொம்’ ஒரே ஒரு தடவைதான் கேட்கும். இது 230 வோல்ட் சரக்குத்தான்.

அடுத்து ஒயர். இங்கேதான் வேடிக்கை ஆரம்பமாயிற்று.

“சப்-ஊஃபருக்கா? இதோ பாருங்க சார். தங்க முலாம். ஆக்ஸிஜன் இல்லாத செம்பு. 4,500 ரூபாய்” என்றார் கடைக்காரர். பட்டுப் புடவை மாதிரி விரித்துக் காட்டினார். சித்திரக்காரர் விலையைக் கேட்டுவிட்டுப் பின்வாங்கினார்.

பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கடை. உள்ளே ஒரு முதியவர், சோல்டரிங் இரும்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ரேடியோ ரிப்பேரில் தொழிலை ஆரம்பித்தவராம். எங்கள் சமாசாரத்தைக் கேட்டார். ரிஸீவரின் பின்பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தோம். அதை வாங்கிப் பார்த்தார்.

“‘சப்-ஊஃபர் பிரீ அவுட்’னு ஒரு ஓட்டை இருக்கு பாருங்க. அதிலேருந்து பெட்டிக்கு ஒரே ஒரு ஆர்.சி.ஏ. ஒயர். பெட்டியிலே எல்.எஃப்.இ.ன்னு போட்டிருந்தா அதிலே செருகுங்க. அப்படி இல்லாம ‘எல்’, ‘ஆர்’னு ரெண்டு இருந்தா பெரும்பாலும் ‘எல்’லிலே கொடுத்தாப் போதும், கொஞ்சம் சத்தம் குறையும், குமிழைத் திருகிக்கலாம். நல்லா கவசம் போட்ட ஒயரா இருந்தாச் சரி. தங்கமெல்லாம் பொண்ணுக்குப் போடுங்க” என்றார்.

“எத்தனை நீளம் வேணும்?” என்று அவரே கேட்டு, அவரே பதிலும் சொன்னார்: “பெட்டி எங்கே உட்காரும்னு இன்னும் உங்களுக்குத் தெரியாது. அது சொல்லும். 8 மீட்டரா வாங்கிட்டுப் போங்க.”

எந்தக் கடைக்காரரும் நீளமான ஒயர் வாங்கத்தான் சொல்வார் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இந்தப் பெரியவர் சொன்ன வாக்கில் பொருள் இருந்தது என்பது சாயங்காலம் தெரிந்தது. விலை 450 ரூபாய். கூடவே ஒரு கனத்த ரப்பர் பாய் 300 ரூபாய். புறப்படும்போது வித்வானைப் பார்த்து, “நீங்க யார்கிட்டே சிட்சை?” என்று கேட்டார். வித்வான் சொன்னார். ஒயர் கடைக்காரர் இரண்டு கையையும் கூப்பினார். அதற்குமேல் அவர்கள் பேசிய அரை மணி நேரத்தை நான் எழுதப் போவதில்லை. அவ்வளவும் தஞ்சாவூர் ஜில்லா.

பிரயாணத்தின் முதல் பாதி இத்துடன் முடிந்தது. இரண்டாம் பாதி 15 அடிக்கு 10 அடி ஹால் ஒன்றில் நடந்தது. “ஹாலுக்குள் என்ன ஐயா பிரயாணம்?” என்று கேட்காதீர்கள். ஒரு முழு உலகம் அதற்குள் இருந்தது.

ரிஸீவர், பெட்டி இரண்டின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு ஒயரைச் செருகினோம். ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் ‘டமார்’ என்று ஒரு அறை விழும். கூம்புக்கும் நல்லதல்ல, கீழ் வீட்டுக்கும் நல்லதல்ல. பிறகு பேத்தி கச்சேரியைப் போட்டாள். சப்-ஊஃபர் பேசவில்லை. விளக்கு எரிகிறது, ஒயர் சரியாக இருக்கிறது, பெட்டி மௌன விரதம்!

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் கடைக்காரரைத் திட்டிக்கொண்டு பெட்டியைத் திருப்பி எடுத்துப் போகிறார்கள். காரணம் இதுதான். சினிமாப் படத்தின் ஒலியில், இடிக்கும் வெடிக்கும் என்றே தனியாக ஒரு தடம் உண்டு. 5.1 என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தப் ‘புள்ளி ஒன்று’ அதுதான். படம் போட்டால் அது நேரே சப்-ஊஃபருக்குப் போய்விடும். கச்சேரிக்கு அப்படித் தனித்தடம் கிடையாது. இடது, வலது என்று இரண்டே தடம். தொப்பி அவற்றுக்குள் கலந்து கிடக்கிறது. அதைப் பிரித்துப் பெட்டிக்கு அனுப்ப வேண்டியவர் ரிஸீவர். அவரோ, “உன்னிடம் இருக்கிற ஒலிபெருக்கிகள் பெரியவை, எல்லாவற்றையும் அவையே பார்த்துக்கொள்ளும்” என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

டெலிவிஷன் திரையில் ரிஸீவரின் பட்டியலைத் திறந்து பார்த்தோம். ‘லார்ஜ்’ என்றுதான் இருந்தது. ‘ஸ்மால்’ என்று மாற்றினோம். எந்த எல்லையில் பிரிப்பது என்று அடுத்த கேள்வி வந்தது. பொதுவாக 80 ஹெர்ட்ஸ் என்று வைப்பார்கள்; இவை மிகச் சின்ன ஒலிபெருக்கிகள் ஆனதால் 100 என்று வைத்தோம். பெட்டியின் முதுகிலும் இதே மாதிரி பிரிக்கிற குமிழ் ஒன்று உண்டு. அதைக் கடைசி வரை மேலே திருகிவிட வேண்டும். ஒரே வேலையை இரண்டு பேர் செய்தால் நடுவில் ஒரு துண்டு காணாமல் போகும். குடும்பங்களில் நாம் பார்ப்பதுதானே! ‘டைரக்ட்’ என்று ஒரு பொத்தான் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். பல ரிஸீவர்களில் அது இந்த ஏற்பாட்டையெல்லாம் ரத்து செய்துவிடும். சப்-ஊஃபருக்கென்று ஓட்டையே இல்லாத பழைய ரிஸீவர் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பியையே ஏற்றுக்கொள்ளும் முனைகள் பல பெட்டிகளில் உண்டு. வாங்குமுன் அதைப் பார்த்துக்கொண்டால் சரி.

பெட்டி வாய் திறந்தது. முதலில் வந்தது தொப்பி அல்ல. ‘ஊஊம்’ என்று ஒரு ரீங்காரம். கச்சேரியை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை.

வந்திருந்த எலெக்ட்ரீஷியன், “எர்த் பின்னை உடைச்சிட்டாச் சரியாப் போயிடும் சார்” என்றார். இந்த யோசனையை உங்களிடம் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்தப் பின் உயிரைக் காப்பதற்காக வைத்தது. ரீங்காரத்தின் காரணம் வேறு. பெட்டி ஒரு சுவரில், ரிஸீவர் இன்னொரு சுவரில் என்று செருகியிருந்தது. இரண்டு வழியாக எர்த் போனால், நடுவில் ஒரு வளையம் உண்டாகி, மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதில் புகுந்து பாடத் தொடங்கிவிடும். இரண்டையும் ஒரே பலகையில் செருகினோம். பாதி குறைந்தது. பிறகு பேத்திக்கு ஒரு யோசனை தோன்றி, டெலிவிஷன் பெட்டிக்கு வருகிற கேபிள் கம்பியைப் பிடுங்கினாள். நிசப்தம்! தெருக் கம்பத்திலிருந்து வருகிற கேபிள் தனக்கென்று ஒரு எர்த்தைச் சுமந்துகொண்டு வந்து வளையத்தைப் பூர்த்தி செய்திருந்தது. கேபிளை ஒலிப் பக்கத்திலிருந்து பிரித்து வைக்கும் சின்னக் கருவி ஒன்று ரிச்சி தெருவிலேயே கிடைக்கிறது. அதை வாங்கிப் பொருத்தும் வரை, “கச்சேரி நேரத்தில் ஸீரியல் கிடையாது” என்று மருமகளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அம்மாள் இப்போதும் பேசவில்லை.

சரி, இனி தொப்பி. போட்டோம். வித்வான் ஹாலின் நட்டநடுவில் தம் சாய்வு நாற்காலியில் அமர்ந்து கேட்டார். டெலிவிஷனுக்குப் பக்கத்து மூலையில் பெட்டி இருந்தது. எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள்.

“கேக்குது. ஆனா தொப்பி இல்லை. யாரோ மெத்தையை அடிக்கிறாப்பலே இருக்கு. சில அடி மொத்துது, சில அடியைக் காணோம்” என்றார்.

நாற்பது வருஷக் காது, பொய் சொல்லாது. கீழ்ஸ்தாயி ஒலியின் அலை மிக நீளமானது. 40 ஹெர்ட்ஸ் அலை ஒன்று ஏறக்குறைய 28 அடி நீளம். ஹாலோ 15 அடி! அலை சுவரில் மோதித் திரும்புகிறது. திரும்புகிறதும் புதிதாக வருகிறதும் சில இடங்களில் கைகோத்து எழும்புகின்றன, சில இடங்களில் ஒன்றை ஒன்று விழுங்கிவிடுகின்றன. மூலைகளில் எல்லாமே உப்பிப் போகும். அறையின் நட்டநடுவிலோ, மிகக் கீழான சுரங்கள் செத்துப்போகும். பெரியவர் உட்கார்ந்திருந்தது அந்தப் பள்ளத்தில்தான். ஆயிரம் ரூபாய் பெட்டியானாலும் லட்ச ரூபாய் பெட்டியானாலும், அந்தப் பள்ளத்தில் கேட்காது.

ஆனால் இதிலேயே ஒரு சௌகரியமும் உண்டு. ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விட்டால், சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்ல முடியாது. அதனால் பெட்டியை ஹாலில் எந்த இடத்திலும் வைக்கலாம். எந்த இடத்தில்? அதைக் கண்டுபிடிக்க உலகமெங்கும் ஒரு தந்திரம் கையாள்கிறார்கள். கேட்கிறவர் உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு, கேட்கிறவர் தரையில் தவழ வேண்டும்! எந்த இடத்தில் தவழும்போது தெளிவாகக் கேட்கிறதோ, அந்த இடம்தான் பெட்டிக்கு உரிய இடம்.

சாய்வு நாற்காலியை நடுவிலிருந்து 2 அடி பின்னுக்குத் தள்ளி, அதை எடுத்துவிட்டு அங்கே பெட்டியை வைத்தோம். தனி ஆவர்த்தனத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டோம். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரோரமாகத் தவழ்ந்தேன். பின்னால் பேத்தி தவழ்ந்தாள். சித்திரக்காரர் தவழவில்லை; பென்சிலை எடுத்துக்கொண்டார். அவர் போட்ட படத்தை ஆசிரியர் வெளியிட மாட்டார் என்று நம்புகிறேன். ஜன்னலடியில் சப்பென்று இருந்தது. சுவாமி படத்துக்குக் கீழே மொத்தியது. வாசல் பக்கச் சுவரில், அரிசி டிரம் இருக்கிற இடத்துக்கு வந்தபோது பேத்தி, “தாத்தா! இங்கே! ஒவ்வொரு அடியும் தனித்தனியாக் கேக்குது!” என்று கத்தினாள்.

வித்வானால் தவழ முடியாது. ஒரு முக்காலியைக் கொண்டுவந்து அரிசி டிரம்முக்கு அருகில் போட்டு, குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “ஆமாம்” என்றார்.

அரிசி டிரம் எங்கே போவது? எல்லோரும் மருமகளைப் பார்த்தோம். அந்த அம்மாள் அன்று சாயங்காலம் முதல் முறையாக வாய் திறந்தார். “சமையற்கட்டுக்கே போகட்டும். அங்கேதான் இருக்கணும்னு நான் எட்டு வருஷமாச் சொல்றேன்” என்றார். டிரம் போயிற்று, பெட்டி வந்தது. ரிஸீவரிலிருந்து சுவரோரமாக ஒயரை இழுத்துக்கொண்டு வந்தோம். 7 மீட்டர் சொச்சம் பிடித்தது. ரிச்சி தெருப் பெரியவரின் வாக்கை நினைத்துக்கொண்டேன்.

மீதி இருந்தது கீழ் வீடு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெஸிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெஸிபெல் என்று 2000-ஆம் வருஷத்து விதிகள் எல்லை வகுத்திருக்கின்றன. ஆனால் அந்த அளவு காதின் சுபாவத்தை ஒட்டியது. கீழ்ஸ்தாயியைக் குறைத்தே கணக்கிடும். கருவி ‘சரி’ என்று சொல்லும்போதே கீழே ஒருவருடைய கட்டில் அதிர்ந்துகொண்டிருக்கலாம். வலந்தலைச் சத்தத்தை ஒரு கதவும் திரையும் தடுத்துவிடும். தொப்பியைக் காங்கிரீட்டே தடுக்காது. ரப்பர் பாய் தரையின் அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். காற்று வழியாகப் போவதை ஒன்றும் செய்யாது. எனவே கருவியை நம்புவதைவிட, நர்ஸ் அம்மாளையே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தோம்.

மாலை 4 மணிக்கு அவர் எழுந்திருக்கும் நேரம் பார்த்து நானும் மருமகளும் கீழே போனோம். கதவைத் திறந்தவர் எங்களைக் கண்டதும், “இன்னும் என்ன?” என்கிற மாதிரி பார்த்தார். விஷயத்தைச் சொன்னோம். பக்கவாதம் என்றதும், “எந்தக் கை?” என்று கேட்டார். பிறகு தாமே படுக்கையறையைத் திறந்து விட்டார். கைப்பேசியில் பேத்திக்குச் சொல்லச் சொல்ல, மேலே குமிழ் இறங்கியது. “இப்போ?” “கேக்குது.” “இப்போ?” “லேசா.” “இப்போ?” அவர் தலையணையில் காதை வைத்துப் பார்த்தார். “இல்லை” என்றார்.

அந்த அளவில் மேலே தொப்பி கேட்குமா? அதுதான் என் கவலை. சத்தத்தைக் குறைத்தால் காது முதலில் இழப்பது கீழ்ஸ்தாயியைத்தான். பிளெச்சர், மன்ஸன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். மேலே ஓடினோம். நர்ஸ் அம்மாளும் வந்தார். பெட்டி சரியான இடத்தில் இருந்ததாலும், நாற்காலி பள்ளத்திலிருந்து ஏறிவிட்டதாலும், அந்தச் சின்ன அளவிலேயே ‘தொம்’ உருண்டு வந்தது. முன்பு வலந்தலை வீறிட்டதில் பாதிச் சத்தம்கூட இல்லை.

நர்ஸ் அம்மாள் கைப்பையைத் திறந்து, நகப்பூச்சுக் குப்பியை எடுத்து, ரிஸீவரின் குமிழ் நின்ற இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தார். “இதுக்கு மேலே போகக்கூடாது. நேரம் சாயங்காலம் நாலரைக்கு மேலே” என்றார். “ஐயாவுக்கு பிஸியோதெரபி நடக்குதா?” என்று மருமகளிடம் தனியாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

வித்வான் இதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருந்தது. வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அது நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நிறுத்தும்மா” என்றார் பேத்தியிடம். “மூணாவது ஆவர்த்தனத்திலே தொப்பி ஒரு அடி பிந்தி விழுது. நாற்பது வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே! திருப்பிப் போடு, பார்ப்போம்.”